மாதிரி அப்பா

தத்துவம் படித்தவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற கேள்விக்குத் தத்துவத்தில் விடை இல்லை. இதைக் கண்டுபிடிக்க அந்தக் கல்லூரிக்கு நெடுங்காலம் ஆனது. கண்டுபிடித்ததும், கலைப் பிரிவுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, வாசலில் 'பொருளுள்ள பணிக்கு ஆயத்தம்' என்று ஒரு பலகையை மாட்டினார்கள். பொருள் என்றால் அர்த்தமா, பணமா என்று மாணவர்கள் கேட்டார்கள். இரண்டும்தான் என்றார் முதல்வர். எது முதலில் கிடைக்கும் என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டபோது அவர் பலகையை நேராக்கப் போய்விட்டார்.

அறைக்கு ஒரு பயிற்சியாளரையும் போட்டார்கள். மின்விசிறி ஓடாத நாளில்கூடக் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் மாணவர்கள் அவருக்குக் 'கோட்டு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் இவர்களைப் பற்றி உண்மையாகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். நல்லவர்கள் அவசரப்படும்போது என்ன ஆகும் என்பது வேறு கதை. அந்தக் கதைதான் இது.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நீங்களே நினைச்சுக்கிறீங்க. தெரியும். அதை எடுத்துச் சொல்லத்தான் தெரியல," என்பார் கோட்டு மேடம். "கம்ப்யூட்டர் படிச்சவன் 'எனக்கு இது தெரியும்'னு ஒரே வரியில சொல்லிடுவான். நீங்க உங்க வாழ்க்கையிலேர்ந்து ஒரு சம்பவத்தைச் சொல்லிக் காட்டணும். ஆளுக்கொரு சம்பவம் கொண்டு வாங்க."

மாணவர்கள் கொண்டு வந்த சம்பவங்களைக் கேட்டு மேடத்துக்குத் தலைவலி வந்தது. ஒருத்தன் சைக்கிள் ஓட்டப் பழகியதைச் சொன்னான். ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் பையன், நாய் துரத்தியபோது தான் காட்டிய தலைமைப் பண்பைப் பற்றிச் சொன்னான். எல்லோரும் போன பிறகு கடைசியாகத் தத்துவம் வந்தாள். அந்தக் கல்லூரியில் பெரும்பாலும் படிக்கிற பாடமே பட்டப்பெயர் ஆகிவிடும். தத்துவத் துறையில் இறுதியாண்டில் மிஞ்சியிருந்தது இவள் ஒருத்திதான் என்பதால் அந்தப் பெயருக்குப் போட்டி இல்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம்," என்று இழுத்தாள். "எங்கப்பாவுக்குத் திக்கும்."

"சொல்லு."

"ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றார். வீடு வீடா போவார். அவர் ஒரு வார்த்தைய ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவங்களே முடிச்சு வச்சிடுவாங்க. 'க... க...'ன்னு நிப்பார். 'கரண்டா?'ம்பாங்க. 'கதவா?'ம்பாங்க. அவர் சொல்ல வந்தது கம்ப்ரஸர். ஆனா பாவம், அலுத்துப் போய் எதுக்கோ தலையாட்டிட்டு, கம்ப்ரஸரையே சரி பண்ணிட்டு வந்துடுவார். நான் மட்டும் அவருக்கு முடிச்சு வைக்க மாட்டேன். சின்னதிலிருந்தே. அவரே முடிக்கற வரைக்கும் இருப்பேன். அப்படி இருந்ததுல என்ன தெரிஞ்சுதுன்னா, ஒருத்தர் பாதி சொல்லும்போதே நமக்குப் புரிஞ்சிடுச்சுன்னு தோணும்ல, அது பெரும்பாலும் தப்பு. பாடத்துலகூட இதைத்தான் படிக்கிறோம். எனக்கு அது முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

கோட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருடத்தில் தத்துவத்தின் முன்னால் யாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதைத்தாம்மா நான் தேடிட்டு இருந்தேன். மத்தவங்களுக்குக் காட்ட இதை மாதிரியா வச்சுக்கலாமா? உன் பேர் போட மாட்டேன்."

அவள் சரி என்று சொன்னாள். சந்தோஷமாகவே சொன்னாள். பிற்பாடு யார்மீது கோபப்படுவது என்று தேடியபோது இந்தச் 'சரி' தான் அவள் வாயை அடைத்தது.

அன்று மாலை வீட்டில் அப்பாவிடமும் சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்.

"எ... என்னைப் பத்தியா?"

"உங்களைப் பத்திதான்பா. மேடத்துக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உங்ககிட்டதான் கேக்கவே கத்துக்கிட்டேன்னு சொன்னேன்."

அவர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலறையிலிருந்து அம்மா, "போச்சு, இனிமே இவர் வாயை மூட முடியாது," என்றாள். அம்மா பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். கல்யாணமான நாளிலிருந்து வெளியில் அவருக்கும் சேர்த்துப் பேசிப் பேசி ரெண்டு ஆள் குரல் வந்துவிட்டது அவளுக்கு.

அம்மா கேலிக்குச் சொன்னது பலித்தது. அப்பா பேச ஆரம்பித்தார். பேச்சு சீராகிவிடவில்லை. அது அப்படியேதான் முட்டியது, நின்றது, தாண்டியது. ஆனால் இப்போது அவர் பாதியில் விட்டுவிடவில்லை. ஒருநாள் தெருமுனைக் கடைக்காரர் வழக்கம்போல் அவர் சொல்ல வந்ததைப் பிடுங்கி முடிக்கப் பார்த்தபோது, கையை உயர்த்தி, "பொ... பொறுங்க. நா... நானே சொல்றேன்," என்றாராம். கடைக்காரர் அதிசயப்பட்டு அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா அதை ஊரெல்லாம் சொன்னாள். மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் படிப்பால் ஒரு மனிதனுக்கு ஆன முதல் நன்மை என்று அவள் நினைத்தது அதைத்தான். அது உண்மையும்கூட.

இதற்குள் மாதிரி அச்சாகிவிட்டது. கோட்டு மேடம் அதை ஒரு தாளில் அடித்து எல்லோருக்கும் கொடுத்தார். 'என் தந்தைக்குப் பேச்சுத் திக்கும்' என்று தொடங்கியது. 'இதைப் போல உங்கள் வாழ்விலிருந்து எழுதுக' என்று அடியில் போட்டிருந்தார். அங்கேதான் தவறு. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து மாதிரி விடையை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். மாதிரிக் கடிதம், மாதிரிக் கட்டுரை, மாதிரி விடுப்பு விண்ணப்பம். காய்ச்சல் வராதவனும் விண்ணப்பத்தில் காய்ச்சல் என்றே எழுதித் தேறியவன். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு மாதிரி அப்பாவைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று மேடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தது ஒரு பெரிய மருத்துவமனை. நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் சொல்கிற குறைகளை உட்கார்ந்து கேட்டு, உரிய இடத்துக்குக் கொண்டுபோகும் பிரிவு ஒன்றை அங்கே புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும், அதனால் கலைப் பிரிவு மாணவர்கள் போதும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். 'போதும்' என்பதைக் கல்லூரி 'தான் வேண்டும்' என்று மாற்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. எடுக்கப்போவது ஒரே ஒருவரை.

தத்துவத்துக்கு அந்த வேலை எப்படியாவது வேண்டும். மற்ற கம்பெனிகளெல்லாம் வந்து, பார்த்து, டீ குடித்துவிட்டுப் போயிருந்தன. அதைவிட, கேட்பதையே வேலையாக வைத்து ஒரு நாற்காலி இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. தனக்காகச் செய்த நாற்காலி என்றே நினைத்தாள்.

வரிசையில் அவள் கடைசி. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலில் போன ரேடியோ வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தான். அடுத்துப் போனவன் யோசனையோடு வந்தான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொருவர் உள்ளே போனதும் சிறிது நேரம் அமைதி, பிறகு சிரிப்பு. இவளுடைய சிநேகிதி வரலாறு வெளியே வரும்போது முகம் செத்துப் போயிருந்தது.

"நீ அந்த அப்பா கதைய சொல்லாத," என்றாள் வரலாறு, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு. "எனக்கு முன்னாடி போன எல்லாருமே அதைத்தான் சொல்லிருக்காங்க. ரேடியோ அவங்கப்பாவுக்கே திக்கும்னு சொல்லிட்டான். அடுத்தவன் சித்தப்பான்னு மாத்திருக்கான். நான் மாமான்னு சொன்னேன். வாயைத் திறந்ததுமே அவங்க சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"அது என் அப்பா," என்றாள் தத்துவம்.

"என்ன உன் அப்பா?"

"அந்தத் தாள்ல இருக்கறது. அது நான் சொன்னது. எங்கப்பா."

வரலாறு அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "ஐயோ. மேடம் சும்மா எழுதினதுன்னு நினைச்சோம்டி," என்றாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு டாக்டர், ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர், நடுவில் அந்தப் புதிய பிரிவின் தலைவி. தலைவி பல வருடம் செவிலியாக இருந்தவர், அந்தக் களைப்பும் கனிவும் முகத்தில் இருந்தன. சுவரோரம் தனி நாற்காலியில் கோட்டு மேடம் உட்கார்ந்திருந்தார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். தத்துவத்தின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உக்காரும்மா," என்றார் தலைவி. "ஒண்ணு மட்டும் முதல்லயே கேட்டுடறேன். உங்கப்பாவுக்கும் திக்குமா?"

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளருக்கு அடக்க முடியவில்லை. "இந்தக் காலேஜ் கேன்டீன் த... த... தண்ணில ஏதோ இருக்கு மேடம்," என்றார். மூவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு அல்ல. ஒரே பொய்யைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்தவர்களின் சிரிப்பு.

தத்துவமும் சிரித்தாள்.

அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது முகம் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளுமே, அப்படிச் சேர்ந்துகொண்டது. சேர்ந்துகொண்ட பிறகு திரும்பி வர வழி இருக்கவில்லை. ஆமாம் என்றால் ஆறாவது பொய்க்காரி ஆகிவிடுவாள். உண்மையைச் சொல்லலாம், அது என் கதைதான், மேடத்திடம் கேளுங்கள் என்று கையை நீட்டலாம். நீட்டினால் வரலாறு, ரேடியோ, கோட்டு மேடம் எல்லோர் மானமும் போகும் என்று ஒரு காரணம் அவளுக்கு அந்த நொடியே கிடைத்தது. நல்ல காரணம்தான். ஆனால் அவள் உண்மையைச் சொல்லாதது அதனால் இல்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் தன் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்த அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

"இல்லைங்க மேடம்," என்றாள். "எங்கப்பா நல்லா பேசுவார். பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார்."

"அப்பாடா," என்று தலைவி நாற்காலியில் சாய்ந்தார். "இப்பதான் ஒரு உண்மைய கேக்கறேன். சரி, தத்துவம் படிச்சிட்டு எங்ககிட்ட வந்து என்ன செய்வே?"

அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள். குறை சொல்ல வருகிறவர் பாதி சொல்லும்போதே நமக்குப் புரிந்துவிட்டதாகத் தோன்றும், அதுதான் முதல் ஆபத்து என்றாள். சொல்ல வந்த வார்த்தை கிடைக்காமல் ஒருவர் நிற்கும்போது நாம் ஒரு வார்த்தையை எடுத்து நீட்டினால், அவர் அலுத்துப்போய் அதையே வாங்கிக்கொண்டு போய்விடுவார், உண்மையான குறை அவரிடமே தங்கிவிடும் என்றாள். டாக்டர் சிரிப்பை விட்டுவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தலைவி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டே?"

"வகுப்புலதான் மேடம். பாடத்துல வரும்."

சுவரோரம் பொத்தான் மறுபடி கழன்றது.

வேலை கிடைத்தது. கல்லூரி வாசலில் அவள் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். கோட்டு மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "என் மேலதான் தப்பு. நான் அன்னைக்கே எழுந்து சொல்லிருக்கணும். எனக்கு வாய் வரலம்மா," என்றார். "பரவால்ல மேடம்," என்றாள் இவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசி முடித்தார்கள். பாவத்தைப் பங்கு போட்டால் குறையும் என்று மேடம் நினைத்திருக்கலாம். இவளுக்குக் குறையவில்லை.

வீட்டில் அப்பா கேட்டார். "எ... என்ன சொன்னாங்க? எ... என் விஷயம் சொ... சொன்னியா?"

அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். காத்திருந்த நேரம் முழுவதும் பொய்யைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன்பா," என்றாள்.

"சி... சிரிச்சாங்களா?"

"இல்லப்பா. யாரும் சிரிக்கல."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பா... பாத்தியா. என் வா... வாய்தான் இவளுக்கு வே... வேலை வாங்கிக் குடுத்துருக்கு," என்றார். அம்மா சிரித்தாள். மகள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். கொடியில் துணி ஏதும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தாள்.

வேலையில் சேரும் நாளன்று, புதிதாகச் சேருகிறவர்களின் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து உபசரிப்பது அந்த மருத்துவமனையின் வழக்கம். இதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. ஆனால் கோட்டு மேடம் நல்லவர் அல்லவா, அவரே வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சட்டையைத் தானே இஸ்திரி போட்டார், காலரை இரண்டு தடவை.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "பே... பேசச் சொன்னா நானே பே... பேசுறேன். நீ ப... பயப்படாத," என்றார்.

"பேசவெல்லாம் சொல்ல மாட்டாங்கப்பா. வந்து உக்காந்துட்டுப் போனா போதும்."

"சொ... சொன்னா," என்றார் அவர்.

வழியில் எங்காவது அவரை இறக்கிவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஏறினார்கள், இறங்கினார்கள், பஸ் புறப்பட்டுவிட்டது. தைரியம் இல்லாததற்கு அது நல்ல சாக்காக இருந்தது.

உபசரிப்பு ஒரு கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, காகிதத் தட்டில் கேக், ஏசியின் ஓயாத இரைச்சல். மற்ற பிரிவுகளில் சேர்ந்தவர்களும் வீட்டாரோடு வந்திருந்தார்கள். ஒரு மைக் கையிலிருந்து கைக்குப் போயிற்று. ஒரு தாய் அழுதாள். ஒரு அண்ணன், தங்கையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லித் தன் வியாபாரத்தைப் பற்றிப் பேசினான். அப்பா ஒவ்வொருவர் பேசும்போதும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். முகத்தில் பயம் இல்லை. தன் முறைக்காகக் காத்திருக்கிற ஆளின் முகம். அந்த முகத்தை மகள் இதற்கு முன் பார்த்ததில்லை.

தலைவியே மைக்கை வாங்கிக்கொண்டு அவர் பக்கம் வந்தார்.

"நீங்கதானே அப்பா. உங்களைப் பாக்கணும்னு ஆசையா இருந்தேன்," என்றார். அறையைப் பார்த்துத் திரும்பினார். "இவர் பொண்ணைப் பத்திச் சொல்லியே ஆகணும். அன்னைக்கு வந்த பிள்ளைங்க எல்லாரும் ஒரே கதைய ஒப்பிச்சாங்க. அப்பாவுக்குத் திக்கும், மாமாவுக்குத் திக்கும்னு. எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலியே வந்துடுச்சு. இவ ஒருத்திதான் உண்மைய சொன்னா. எங்கப்பா நல்லா பேசுவார், ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்னு." அறை சிரித்தது. தலைவி மைக்கை அப்பாவிடம் நீட்டினார். "இன்னைக்கு நாங்க நிறுத்த மாட்டோம். பேசுங்க."

அப்பா எழுந்திருந்தார். மைக்கை வாங்குவதற்காகக் கை பாதி வரை போயிருந்தது. அது அங்கேயே நின்றது. அவர் மகளைப் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் அவர் கண்ணில் வந்தது பதற்றம். இவளுக்கு இங்கே ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதற்றம். அந்தக் கை மைக்கை விட்டுவிட்டுத் தொண்டைக்குப் போனது. இரண்டு முறை இருமினார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, கையை விரித்தார்.

"அடடா, தொண்டை கட்டிடுச்சா?" என்றார் தலைவி.

அவர் தலையாட்டினார்.

மகளின் நாக்கு அசைந்தது. இப்போதுகூடச் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். ஒரே வாக்கியம்தான்.

"ஆமா மேடம்," என்றாள். "ரெண்டு நாளாவே இப்படித்தான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? யாருப்பா அங்க, வெந்நீர் கொண்டு வாங்க." வெந்நீர் வந்தது. தலைவியே கோப்பையை வாங்கி அவர் கையில் கொடுத்தார். பழைய செவிலி, சும்மா விடுவாரா, பக்கத்திலேயே நின்று முழுவதையும் குடிக்கச் சொன்னார். நல்ல சூடு. அப்பா ஊதவில்லை. ஊதினால் வாயிலிருந்து ஏதாவது சத்தம் வந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி, உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிவரை குடித்தார்.

"குரல் நாளைக்குச் சரியாயிடும்," என்றார் தலைவி.

அவர் அதற்கும் தலையாட்டினார்.